பனமரத்தில் இல்லாத ராஜா

நீலகிரி மாவட்டம் பந்தலூர்ப் பகுதியில் எங்கள் பள்ளிகளுக்கிடையே சுதந்திர தினத்தை ஒட்டி ஒரு பேச்சுப் போட்டி நடந்தது. தலைப்பு 'தமிழக விடுதலை வீரர்கள்'. நடுவர்கள் மூன்று பேரில் நானும் ஒருவன். வழக்கம்போல கட்டபொம்மன் வந்தார், மருது சகோதரர்கள் வந்தார்கள், வேலு நாச்சியார், தீரன் சின்னமலை எல்லோரும் வந்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எருமாடு பக்கத்து முள்ளுக்குறும்பர் என்ற பழங்குடியினரின் குடியிலிருந்து வருகிறவள், வயநாட்டுக் காடுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்ற பழசி ராஜாவைப் பற்றிப் பேசினாள். மனப்பாடம் செய்து ஒப்பித்த பேச்சு இல்லை அது. காட்டுக்குள் ஒரு படைக்கு எப்படிச் சோறு போடுவது, மழைக்காலத்தில் தோட்டா மருந்து நனைந்தால் வில்லுக்காரனுக்கு என்ன லாபம் என்றெல்லாம் பேசினாள். மதிப்பெண் போடும்போது பக்கத்தில் இருந்த நடுவர், "சார், அவரு கேரளாக்காரரு. தலைப்புக்குள்ளயே வர மாட்டாரு" என்றார். நான் வாதாடிப் பார்த்தேன். மற்றவரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். பரிசு வேறொரு பிள்ளைக்குப் போனது.

பரிசைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. "கேரளாக்காரரு" என்ற அந்த ஒரு சொல்தான் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு என் குடும்பத்துக் கதையும் ஒரு காரணம். நாங்கள் தாயகம் திரும்பியோர். தாத்தாவும் பாட்டியும் கண்டிப் பக்கம் தேயிலைக் காட்டில் வேலை செய்தவர்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் தில்லியில் ஒப்பந்தம் போட, பிறகு தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து, சேரம்பாடியில் ஒரு லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே இருந்தவரை இந்தியாக்காரர்கள். இங்கே வந்தபின் சிலோன்காரர்கள். யாரோ எங்கோ மேசையில் வைத்துப் போட்ட கோட்டை வைத்து ஒரு மனிதன் யாருடைய ஆள் என்று முடிவு செய்வது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

பழசி ராஜா விஷயத்தில் அந்தக் கோடு இன்னும் பிந்தியது. அவர் செத்தது 1805இல். கூடலூர், பந்தலூர் பகுதி அப்போது வயநாட்டின் ஒரு துண்டு. 1877இல்தான் மலபார் மாவட்டத்திலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்த்தார்கள். மீதி வயநாடும் 1956 நவம்பர் வரை சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. இன்றைக்கும் சேரம்பாடியில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் பஸ் ஏறுவது சுல்தான் பத்தேரிக்குத்தான். சந்தைக்கும் அங்கேதான், கல்யாணத்துக்குத் துணி எடுக்கவும் அங்கேதான். அந்தப் பத்தேரியிலிருந்து காட்டு வழியே கொஞ்ச தூரம் போனால் புல்பள்ளி, அதைத் தாண்டினால் அவர் விழுந்த மாவிலத்தோடு என்ற ஓடை. எங்கள் ஊரிலிருந்து ஊட்டி போவதைவிட அது பக்கம். கயத்தாறும் சங்ககிரியும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கும் ஊர்கள். இது அவர்களே பார்த்த காடு.

ஓடாமல் நின்ற இளையவர்

அவரை ராஜா என்று சொல்கிறோமே தவிர, கோட்டயம் அரச குடும்பத்தின் மூத்த ராஜாவாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. (தெற்கே இருக்கும் கோட்டயம் இல்லை, தலச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் மலபார்க் கோட்டயம்.) மருமக்கத்தாயக் குடும்பம், அதாவது உரிமை தாய்வழியில் போகும். வயதில் மூத்த ஆண்தான் ராஜா. இவருடைய பெயர் கேரள வர்மா; பழசியில் இருந்த மேற்குக் கோவிலகத்து (அரண்மனைக் கிளை) இளையவர்களில் ஒருவர், 1753இல் பிறந்தவர். 1766இல் ஹைதர் அலி மலபாருக்குள் வந்தார். 1774இல் மைசூர்ப் படை மறுபடி இறங்கியபோது குடும்பத்துப் பெரியவர்கள் திருவிதாங்கூருக்குத் தப்பிப் போனார்கள். இவருக்கு அப்போது 21 வயது. போகவில்லை. காட்டுக்குள் போனார், ஆள் சேர்த்தார், சண்டை போட்டார். அவருடைய படை வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு முடிவிலிருந்து தொடங்குகிறது என்று நினைக்கிறேன். வரி கொடுத்துவந்த சனங்களை விட்டுவிட்டு ஆள வந்தவர்கள் ஓடியபோது, ஓடாமல் அவர்களோடு நின்ற ஒரே ஆள் என்ற பெயர் அவருக்கு அப்போதே கிடைத்துவிட்டது. பட்டம் அதற்குப் பிறகு ஒரு பொருட்டே இல்லை.

முதலில் மைசூரை எதிர்த்து, கம்பெனிக்குத் துணையாகவே சண்டை போட்டார். 1779 முதல் 1782 வரை தலச்சேரிக் கோட்டை முற்றுகையில் இருந்தபோது ஆங்கிலேயருக்கு உதவியவர்களில் அவரும் ஒருவர். 1792இல் திப்பு மலபாரைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்ததும் கதை மாறியது. கோட்டயத்தில் வரி வசூலிக்கும் உரிமையைக் கம்பெனி அவருக்குத் தரவில்லை. குறும்பிரநாட்டு ராஜாவாகப் போயிருந்த மாமன் வீர வர்மாவுக்குக் கொடுத்தது. இவர் வசூலைத் தடுத்தார். 1796 ஏப்ரலில் லெப்டினன்ட் கார்டன் தலைமையில் ஒரு படை பழசி வீட்டைச் சுற்றி வளைத்துக் கொள்ளையடித்தபோது ஆள் அங்கே இல்லை. 1797 மார்ச்சில் பேரியா கணவாயில் 1,100 பேர் கொண்ட கம்பெனிப் படையை இவருடைய ஆட்கள் மறைந்திருந்து தாக்கினார்கள். மேஜர் கேமரூன் உட்பட அதிகாரிகள் சிலர் அங்கேயே செத்தார்கள். பம்பாய் கவர்னர் டங்கன் நேரில் மலபாருக்கு வந்து, ஆண்டுக்கு 8,000 ரூபாய் உதவித்தொகை என்று சமாதானம் பேசும் அளவுக்குப் போனது அந்தத் தோல்வி.

இதுவரைக்கும் படித்தால் ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. இது மக்களுக்கான போரா, தனக்கு வரவேண்டிய வரிக்கான போரா? பதிவுகளில் அவருடைய கை அழுக்காகவும் இருக்கிறது. 1790களின் தொடக்கத்தில் பள்ளிவாசல் கட்டும் தகராறில் மாப்பிள்ளைமார் (மலபார் முஸ்லிம்கள்) சிலரைக் கொல்ல வைத்தவர் அவர். ஒரு காலத்தில் எதிர்த்த திப்புவின் ஆட்களோடு, கம்பெனி நெருக்கியபோது பேச்சு நடத்தியவரும் அவர்தான். சிலை வைக்கிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை, சொல்லவேண்டும். பின்னாளில் அத்தன் குருக்கள் போன்ற மாப்பிள்ளைத் தலைவர்கள் அவரோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்தார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். தொடக்கத்தில் அது ஒரு கோவிலகத்து இளையவரின் உரிமைச் சண்டைதான் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அது எந்த இடத்தில் வேறொன்றாக மாறியது என்பதுதான் கேள்வி. என் கணக்கில் அந்த இடம் வயநாட்டில் இருக்கும் பனமரம் என்ற ஊர்.

1802 அக்டோபர் 11

திப்பு விழுந்த பிறகு கம்பெனி வயநாட்டையும் கேட்டது. இவர் தரமாட்டேன் என்றார். 1800இல் மறுபடி போர் மூண்டது. இந்த முறை எதிரே நின்றவர் ஆர்தர் வெல்லஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெல்லிங்டன் பிரபு. அவர் அவசரப்படவில்லை. காட்டுக்குள் பாதை போட்டார், மலைக்கு மேலும் கீழும் வரிசையாகக் காவல் நிலைகள் வைத்தார், கீழே இருந்து அரிசியும் உப்பும் மேலே போகாதபடி அடைத்தார். 1801இல் ராஜாவின் ஆட்கள் சிதறிப்போனார்கள். அவருடைய தளபதி கண்ணவத்து சங்கரன் நம்பியாரைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். ராஜா ஒரு சின்னக் கூட்டத்தோடு காடு காடாக அலைந்தார். விருப்பாட்சி கோபால நாயக்கரும் மருது சகோதரர்களும் எழுந்ததும் அடங்கியதும் இதே காலத்தில்தான். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டாயிற்று. கம்பெனியைப் பொறுத்தவரை தென்னாட்டு வேலை முடிந்துவிட்டது. இனி வசூல்தான். மேஜர் மக்லவுட் என்ற கலெக்டர் வந்து ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார், வரியைக் கூட்டினார், நாணய மாற்று விகிதத்தை மாற்றி அந்த வழியாகவும் கூட்டினார்.

அப்புறம் நடந்தது இதுதான். எடச்சேன குங்கன் ராஜாவின் தளபதிகளில் ஒருவர். ஒருநாள் அவர் வயநாட்டுப் பழங்குடியான குறிச்சியர் ஒருவரின் வீட்டில் இருந்தபோது கம்பெனிச் சேவகன் ஒருவன் வந்தான். இடுப்பில் வார் கட்டிய சேவகன். வீட்டுக்காரரிடம் நெல் கேட்டான். குங்கன் எழுந்துவந்து அவனைக் கொன்றார். அக்கம்பக்கத்துக் குறிச்சியர்கள் கூடினார்கள். தலக்கல் சந்து அவர்களுடைய தலைவர். அக்டோபர் 11 அன்று 150 வில்லாளிகள் பனமரத்தில் இருந்த கம்பெனிக் காவல் நிலைக்குள் புகுந்தார்கள். அங்கே பம்பாய்க் காலாட்படையைச் சேர்ந்த 70 பேர் இருந்தார்கள். கேப்டன் டிக்கன்சனும் லெப்டினன்ட் மாக்ஸ்வெல்லும் கொல்லப்பட்டார்கள். அந்த நிலையே அழிந்தது. 112 துப்பாக்கிகள், ஆறு பெட்டி தோட்டா, 6,000 ரூபாய் கைக்கு வந்தது. சில மைல் தூரத்தில் புளிஞ்ஞாலில் 360 பேரோடு இருந்த மேஜர் டிரம்மண்ட் நகரவே இல்லை. குங்கன் புல்பள்ளிக் கோயிலுக்குப் போய் அங்கிருந்து சனங்களை அழைத்தார். 3,000 பேர் திரண்டார்கள். செத்துவிட்டது என்று கம்பெனி எழுதிவைத்த போர் மூன்று ஆண்டுகள் மறுபடி உயிரோடு நடந்தது.

இந்தச் சண்டையில் பழசி ராஜா இல்லை. முப்பது ஆண்டுப் படை வாழ்க்கையில் அவர் பெயரில் பதிவான மிகப்பெரிய வெற்றிகளில் ஒன்று, அவர் எங்கோ ஒளிந்திருந்தபோது நடந்தது. நான் நெடுநாள் இதைத் தலைக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தளபதியை எதை வைத்து மதிப்பிடுவது? பேரியாவில் வகுத்த திட்டத்தை வைத்தா, வெல்லஸ்லியிடம் பிடிபடாமல் இருந்த சாமர்த்தியத்தை வைத்தா? அவர் கட்டளை எட்டாத இடத்தில், அவர் தோற்றுவிட்டதாக ஊரே பேசும் நேரத்தில், இன்னொருவன் வில்லெடுக்கிறானே, அதைவிடப் பெரிய மதிப்பீடு இருக்கிறதா? 1774இல் போட்ட விதை 28 ஆண்டு கழித்துப் பனமரத்தில் முளைத்ததாகத்தான் நான் பார்க்கிறேன்.

ஆனால் வில்லியம் லோகன் வேறு மாதிரி பார்க்கிறார். மலபார் கலெக்டராக இருந்து 1887இல் மலபார் மேனுவலை வெளியிட்டவர். பழசியின் போர்களைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அவர் தொகுத்த கம்பெனிக் கடிதங்களிலிருந்து வருவதுதான். சேவகனைக் கொன்ற பழி தங்கள் மேலும் விழும், இனி அரசாங்கம் விடாது என்று பயந்து குறிச்சியர்கள் குங்கனோடு சேர்ந்தார்கள் என்பது அவர் தரும் விளக்கம். அதாவது வேறு வழியில்லாமல் சேர்ந்தார்கள். எனக்கு இது ஒட்டவே இல்லை. பயந்தவன் காட்டுக்குள் ஓடுவான்; அந்தக் காடு அவன் வீடு. துப்பாக்கி வைத்திருக்கும் படை நிலைக்குள் வில்லோடு புக மாட்டான்.

போட்டி முடிந்து கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண்ணின் தாத்தாவைப் பார்க்கப் போனேன். குடியில் எல்லார் வீடும் ஒரு முற்றத்தைச் சுற்றி இருந்தது, நடுவில் அவர்களுடைய தெய்வப்புரை. கீழே பள்ளத்தில் வயல், நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. கேட்டதும் பேத்தி உள்ளே போய் வில்லை எடுத்துவந்தாள். நான் நினைத்ததைவிடக் கனம் குறைவு. கை பிடிக்கும் இடம் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று கறுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் மூங்கில் நிறம். தாத்தா அதை வாங்கி நாணை ஏற்றிக் காட்டினார். வில்லின் ஒரு முனையைக் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஊன்றி, முழங்காலால் ஒரு அழுத்து. அவ்வளவுதான். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மூச்சு வாங்கவில்லை. நான் முயன்று பார்க்கட்டுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வில்லைக் கொடுத்தார். நாண் பாதி தூரம்கூட வரவில்லை. ஆண் பிள்ளை பிறந்தால் வில்லும் அம்பும் கையில் வைப்பார்களாம், செத்தாலும் அம்பு கூடப் போகுமாம். குறிச்சியரும் குறும்பரும் தம்புரானோடு, அதாவது ராஜாவோடு, சேர்ந்து சண்டை போட்ட கதை அவருக்கு அவருடைய அப்பன் சொன்னது.

லோகன் சொன்னதை அவரிடம் என் பாணியில் கேட்டேன். "தாத்தா, தம்புரான் சொன்னதுனால வில்லெடுத்தாங்களா, இல்ல கம்பெனிக்காரன் விடமாட்டான்னு பயந்து எடுத்தாங்களா?" அவர் வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தம்புரான் இல்லாட்டியும் நெல்லு நம்மட நெல்லுதானே சாரே."

நான் எத்தனையோ பக்கம் படித்தும் பிடிபடாதது அது. சேவகன் கேட்டது நெல். அடித்துப் பிடுங்க வந்தவனை அடித்தார்கள். இதில் பயமும் இல்லை, ராஜ விசுவாசம் மட்டுமே என்றும் சொல்ல முடியாது. ராஜாவின் உரிமைச் சண்டையும் அவர்களுடைய நெல்லுச் சண்டையும் பனமரத்தில் வந்து ஒன்றாகச் சேர்ந்தன. அந்தச் சண்டைக்கு அவர் பெயர் கிடைத்தது, அவருக்கு அந்தப் படை கிடைத்தது.

(அந்த வயலுக்குப் பட்டா இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. கூடலூரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலம்பூர்க் கோவிலகத்துக்குப் பரம்பரை உரிமையான ஜென்ம நிலம், 1969இல் வந்த ஜென்மம் ஒழிப்புச் சட்டம், முடியாத வழக்குகள். பேச ஆரம்பித்தால் அது தனிக் கட்டுரை.)

மாவிலத்தோடும் அதற்குப் பிறகும்

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெல்லஸ்லி 1803இல் மராத்தியப் போருக்குப் போய்விட்டார். படையால் முடியாததை கோல்காரர்கள் என்ற உள்ளூர்க் காவல்படையை வைத்துச் செய்தார்கள். அதே மண்ணில் ஆள் எடுத்து, அதே காட்டு வழி தெரிந்தவர்களைத் துப்பறிய விட்டார்கள். தலச்சேரி சப்கலெக்டர் பேபர் ஊர் ஊராகப் போய், யார் சோறு கொடுக்கிறார்கள், யார் வழி காட்டுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். ராஜாவின் தலைக்கு 3,000 பகோடா (பொன் நாணயம்) விலை வைத்தார்கள். 1805 நவம்பரில் தலக்கல் சந்து பிடிபட்டார், கொன்றார்கள். தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டு அப்போது நான்கு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. நவம்பர் 30 காலை மாவிலத்தோட்டின் கரையில் ராஜாவின் கூட்டத்தைப் பேபரின் ஆட்கள் சுற்றி வளைத்தார்கள். சுட்டுக் கொன்றார்கள் என்கிறது பேபரின் கடிதம். வைர மோதிரத்தை விழுங்கி உயிரை விட்டார் என்று வயநாட்டில் சொல்வார்கள்.

பேபர் எழுதியதில் ஒரு பகுதி மட்டும் எனக்கு முக்கியம். உடலைத் தன்னுடைய பல்லக்கிலேயே வைத்துக் கொண்டுபோகச் செய்தார். மானந்தவாடிக்கு அனுப்பி, பிராமணர்களைக் கூட்டி, வழக்கமான மரியாதைகளோடு தகனம் செய்ய உத்தரவிட்டார். கலகக்காரர்தான் என்றாலும் இந்த நாட்டின் இயல்பான தலைவர்களில் ஒருவர், அதனால் வீழ்ந்த எதிரி என்றே கருதினேன் என்று காரணமும் சொல்கிறார். இங்குள்ள சனங்கள் அவர்மேல் வைத்திருக்கும் மதிப்பு பக்திக்குப் பக்கத்தில் நிற்பது, சாவால்கூட அதை அழிக்க முடியாது என்றும் எழுதுகிறார். ஓராண்டுக்கும் மேலாக விரட்டி வேட்டையாடியவர் எழுதிய வரிகள் இவை. ஒரு படைவீரனுக்கு எதிரியிடமிருந்து இதைவிடப் பெரிய சான்று கிடைப்பது அரிது. ஆனால் அந்த மரியாதையும் கோவிலகத்துக்காரர் ஒருவருக்கு மட்டும்தான் கிடைத்தது. தலக்கல் சந்துவுக்கு யாரும் பல்லக்கு அனுப்பவில்லை. பனமரத்தில் அவருக்கு இன்று இருக்கும் நினைவிடம் பிற்காலத்தில் வந்தது.

இத்தோடு முடிந்தது என்று பேபரும் நினைத்திருப்பார். நம் பாடப்புத்தகங்களும் தலைவன் செத்த இடத்தில் பாடத்தை முடித்துவிடும். 1812 மார்ச்சில் வயநாட்டில் குறிச்சியரும் குறும்பரும் மறுபடி எழுந்தார்கள். பழசி ராஜா இறந்து ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. எடச்சேன குங்கனும் தலக்கல் சந்துவும் உயிரோடு இல்லை. அதுவரை விளைச்சலாகக் கொடுத்துவந்த வரியைப் பணமாகக் கட்டச் சொன்னதும், கட்ட முடியாதவர்களை வரிக்காரர்கள் படுத்திய பாடும்தான் காரணம். ராமநம்பி என்பவர் முன்னால் நின்றார். பத்தேரியிலும் மானந்தவாடியிலும் இருந்த கம்பெனிப் படைகளை வளைத்தார்கள், கணவாய்களை அடைத்தார்கள். மைசூர்ப் பக்கமிருந்தும் மலபார்க் கரையிலிருந்தும் புதுப்படை மேலே ஏறிவந்து, மே மாதத்தில்தான் அவர்களை அடக்க முடிந்தது.